வாழைமரம் புதைத்த குழி

பாப்பா! ஏய் பாப்பா!

நீ ஓடித்தானே போனாய்? எங்கள் எல்லோருக்கும் முன்னால் களத்துக்கு ஓடிப் போனவள் நீதானே? நான் உன் பின்னாலேயே வந்தேன். எட்டிப் பிடித்திருந்தால் உன் தாவணி என் கையில் வந்திருக்கும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் என்ன ஆனது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சோறு தின்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். யாராவது கேட்டால் பதில் சொல்கிறேன். மனசு மட்டும் அந்தக் களத்திலேயே நின்றுவிட்டது, நகர மாட்டேன் என்கிறது.

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மனசில் வருவதை வந்தபடி எழுதுகிறேன். அவளைப் பார்த்தே இராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பாப்பா என் தங்கை. கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது அவளுக்கு வேறு பேர் வைத்தார்கள். அந்தப் பேரைச் சாமியார் மட்டும்தான் சொல்வார். ஊருக்கு அவள் பாப்பா. எங்கள் ஊர் கம்பைநல்லூர்ப் பக்கம். ராகியும் கடலைக்காயும் போடுகிற மேட்டுக்காடு. ஊரில் பாதி எங்களைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; பாதி இந்துக்கள். கோயில் மணி அடித்தால் இரண்டு பாதிக்கும் கேட்கும்.

பிறந்ததிலிருந்தே அவள் உதடு நாவல்பழம் தின்ற உதடு மாதிரி இருக்கும். நகமும் அந்த நிறம்தான். பஸ்ஸில் போனால் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்.

"ஏம்மா, கொழந்தைக்கு இவ்ளோ நாவப்பழம் குடுப்பாங்களா? சளி புடிச்சிக்காது?"

"ஆமாங்க, கேக்காம தின்னுட்டா" என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அது நாவல்பழம் காய்க்கிற காலமாகக்கூட இருக்காது.

பாப்பாவால் நடக்க முடியாது. நடக்க முடியாது என்றால் கால் சரியில்லாமல் இல்லை. கொஞ்ச தூரம் நடப்பாள், உடனே குந்திக்கொள்வாள். முட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, மூச்சு வாங்குவாள். மூச்சு வந்ததும் எழுந்து மறுபடி நடப்பாள். அப்படிக் குந்தச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குந்தினால் நெஞ்சுக்குக் கொஞ்சம் நல்லது, உடம்பே அதைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று மெட்ராஸ் டாக்டர் பிறகு சொன்னார். எங்களுக்கு அப்போது அது தெரியாது. சோம்பேறி என்றார்கள் சிலர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர்.

ஒரு வருஷம் நற்கருணை ஊர்வலம். சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நடக்கிறார். நாலு பேர் குடை பிடித்து வருகிறார்கள். தெருவின் இரண்டு பக்கமும் எல்லோரும் முழந்தாள் போட்டிருக்கிறோம். பாப்பா நடுத்தெருவில், குடைக்கு நேர் முன்னால், குந்திவிட்டாள். அப்போது அவளுக்கு ஏழோ எட்டோ வயசு. சாமியார் நின்றார். குடை நின்றது. பாட்டும் நின்றுபோனது.

"ஏண்டி, ஆண்டவரு வர்ற வழியில வெளிக்கிக் குந்தற மாதிரியா குந்துவ? எந்திரிடி!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

அம்மா முழந்தாளில் இருந்தபடியே சொன்னாள். "மூச்சு வந்தா எந்திரிக்கும். ஆண்டவருக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. உனக்குத்தான் அவசரம்."

சாமியார் வெயிலில் அப்படியே நின்றார். பாப்பா தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள், எழுந்தாள், என்னிடம் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஊர்வலம் நகர்ந்தது. அதற்குப் பிறகு அவளை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. சாமியாரே நின்றுவிட்டார் அல்லவா.

அரூர் டாக்டர்தான் முதலில் சொன்னார். குழாயை அவள் நெஞ்சில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"இதயத்துல ஓட்ட இருக்குது. பொறக்கும்போதே இருக்குது" என்றார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அடைக்கறதுக்கு மருந்து இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"மருந்து இல்ல. ஆபரேஷன். மெட்ராஸ்லதான் பண்ணுவாங்க. இன்னும் கொஞ்சம் வளரட்டும்."

வீட்டுக்கு வந்து அப்பா இதைச் சொன்னதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். "ஓட்ட இருந்தா ரத்தம் ஒழுவுமே. எங்க ஒழுவுது?" என்று கேட்டாள். அப்பாவுக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அம்மா விடிந்ததும் பாப்பாவின் பாயைத் தடவிப் பார்ப்பாள். ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டே, "இன்னிக்கும் ஒழுவலம்மா, போ" என்பாள்.

அம்மாவும் அப்பாவும் காட்டுக்குப் போனால் அவள் பக்கத்தில் ஆள் வேண்டும். அதனால் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அவள் விடவில்லை. நான் அவளை முதுகில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவேன். பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் வெளியில் புளியமரத்தடியில் விறகு பொறுக்கிக்கொண்டிருப்பேன். திரும்பி வரும்போது முதுகில் இருந்தபடியே அன்றைக்கு நடந்த பாடத்தை என் காதில் சொல்லிக்கொண்டு வருவாள். இப்போது நான் இதை எழுதுகிறேன் என்றால் பாதி அவள் என் காதில் சொன்னது.

அவள் வளர வளர முதுகில் கனம் கூடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பதினாலு வயசில் ஒரு நாள், கம்பு புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தோடு சாய்ந்தாள். முகம் முழுக்க நீலம். கை விரல் எல்லாம் மை தொட்ட மாதிரி. நான் அவள் முட்டியை மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்தேன். அவள் குந்துகிற மாதிரியே. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. மூச்சு வந்தது. மருந்தகம் நடத்துகிற கன்னியாஸ்திரி அம்மா பார்த்துவிட்டு, "இனிமே தள்ளிப் போடக் கூடாது" என்றார். அவரே மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்தார்.

மொரப்பூரில் ரயில் ஏறினோம். அப்பா, அம்மா, நான், பாப்பா. மெட்ராஸ் தெரிந்தவர் என்று எங்கள் கோயில் உபதேசியாரும் கூட வந்தார். சாமியார் இல்லாத நாளில் கோயிலில் செபம் சொல்கிறவர் அவர்தான். சாவுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார்.

பெரிய டாக்டர் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். நெஞ்சைத் திறப்பார்களாம். இதயத்தை நிறுத்துவார்களாம். அது நிற்கிற நேரத்துக்கு ஒரு மெஷின் ரத்தத்தை ஓட்டுமாம். ஓட்டையை அடைத்துத் தைத்துவிட்டு மறுபடி இதயத்தை ஓடவிடுவார்களாம்.

அம்மா கேட்டாள். "நிறுத்துனா, அந்த நேரத்துல புள்ள செத்துப்போயி இருக்குமுங்களா, உசுரோட இருக்குமுங்களா?"

டாக்டர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு, "உசுரோடதாம்மா இருக்கும்" என்றார். அந்த ஒரு நொடி அவர் நிறுத்தியதை அம்மா பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அக்கா, நான் கொஞ்ச நேரம் செத்துப்போயிட்டு வரப்போறேன். என் எடத்துல யாரும் படுத்துக்காதீங்க."

"வாய மூடுடி."

"மூடுனா மூச்சு வராது" என்று சிரித்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒரு சாமியார் எங்கள் கட்டிலுக்கு வந்தார். பாப்பாவுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், நன்மை அப்பம் கொடுத்தார். பிறகு சின்ன டப்பியைத் திறந்து எண்ணெய் எடுத்தார். அதைப் பார்த்ததும் அம்மா எழுந்துவிட்டாள். எங்கள் ஊரில் அந்த டப்பி வருகிறது என்றால் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த அவஸ்தை எண்ணெய் பூசின யாரும் மறுபடி எழுந்து கஞ்சி குடித்து நாங்கள் பார்த்ததில்லை.

"சாமி, வேணாம் சாமி. என் புள்ள நல்லாத்தான் பேசறா" என்று அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"இது சாவறவங்களுக்கு மட்டும் இல்லம்மா. நோயாளிங்க குணமாகறதுக்கும்தான். இப்பத் திருச்சபையே அப்படித்தான் சொல்லுது."

அம்மா கையை எடுத்தாள். நம்பி எடுக்கவில்லை. சாமியார் கையைப் பிடித்துவிட்டோமே என்று எடுத்தாள். சாமியார் பாப்பாவின் நெற்றியிலும் உள்ளங்கையிலும் பூசினார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "சாமி, நல்ல வாசன" என்றாள்.

உபதேசியார் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கான கோயில் வேலை இருக்கிறது என்று அன்றைய ரயிலுக்கே கிளம்பினார். போகும்போது பாப்பாவின் நெற்றியில் சிலுவை போட்டார். அந்தச் சிலுவையை அவர் போட்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாவின் செபமாலை ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் சாய்ந்த பிறகு நர்ஸ் வந்து கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னாள். குழாயும் கயிறுமாக ஒரு பிள்ளை படுத்திருந்தது.

அம்மா உற்றுப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். நர்ஸிடம் திரும்பி, நிதானமாக, "இது எங்க புள்ள இல்லீங்க" என்றாள்.

 நானும் பார்த்தேன். அந்தப் பிள்ளையின் நகம் ரோஸ் நிறமாக இருந்தது. உதடு பன்னீர் ரோஜா மாதிரி இருந்தது. எங்கள் பாப்பாவுக்கு ஏது அந்த நிறம்? அம்மா சொன்னது சரி என்றே ஒரு கணம் நினைத்தேன். எங்கள் பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கண்ணாடிக்குள் மற்றக் கட்டில்களைத் தேடினேன்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "உங்க புள்ளதாம்மா. இனிமே இதுதான் அவ கலரு."

அம்மா அந்தக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, பாப்பாவுக்கு நான் ஸ்பூனால் பால் ஊட்டிக்கொண்டிருக்கிறேன், வராந்தாவில் ஒரே கூச்சல். "ஐயோ என் தங்கமே! என் கண்ணே! இப்பிடி உன்ன அறுத்துப் போட்டுட்டாங்களே!" ஓடிப் போய்ப் பார்த்தால் எங்கள் சித்தப்பா. அப்பாவின் தம்பி. கூட ஊர்க்காரர்கள் இரண்டு பேர். சித்தப்பா கையில் வெள்ளைக் கோடித் துணி.

அப்பா திகைத்துப்போய், "என்னாடா?" என்றார்.

"அண்ணே, மனச தேத்திக்கண்ணே. எங்க வெச்சிருக்காங்க?"

"எத?"

"பாப்பாவத்தான்."

"பாலு குடிக்குதுடா."

சித்தப்பா வாய் திறந்தபடி நின்றார். அப்புறம் கதவோரம் எட்டிப் பார்த்தார். பாப்பா வாயெல்லாம் பாலோடு, "வாங்க சித்தப்பா, கையில என்னா? எனக்கா?" என்றாள். அவர் துணியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஊர்க்காரர்களில் ஒருத்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து எல்லோரையும் விரட்டினாள்.

நடந்தது இதுதான். உபதேசியார் ஊருக்குப் போய், "எண்ணெ பூசியாச்சி. இன்னிக்கி நெஞ்சப் பொளக்கறாங்க. இதயத்த நிறுத்திருவாங்களாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். ஊர் யோசித்தது. எண்ணெய் பூசியாயிற்று, நெஞ்சைப் பிளந்தாயிற்று, இதயம் நின்றாயிற்று. இதற்கு மேல் என்ன சேதி வர வேண்டும்? மெட்ராஸிலிருந்து அவ்வளவு தூரம் பிணம் வந்தால் தாங்காது, வந்ததும் அடக்கம் செய்துவிட வேண்டும் என்று கல்லறைத் தோட்டத்தில் குழியும் தோண்டிவிட்டார்கள். சாவுமணியும் அடித்தாயிற்று. மணிக்கயிற்றை இழுத்தது யார் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வாசலில் பெண்கள் உட்கார்ந்து அழுது, எதிர்வீட்டுக்காரிக்குத் தொண்டையே கட்டிக்கொண்டதாம்.

அப்பாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. கோடித் துணியைச் சித்தப்பா திரும்பிப் போகும்போது ரயிலிலேயே வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார்.

சித்தப்பா போய்ச் சொன்ன பிறகு ஊருக்குப் புதுக் கவலை. தோண்டின குழியை என்ன செய்வது? சும்மா மூடக் கூடாது, வெறும் குழி ஆளைக் கேட்கும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். சாமியார் வேறு ஊர்களுக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். ஊரே கூடி ஒரு வாழைமரத்தை வெட்டி, துணி சுற்றி, தூக்கிக்கொண்டு போய் அந்தக் குழியில் புதைத்துவிட்டார்கள். சாமியார் திரும்பி வந்து கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"வாழமரத்துக்கு யாருய்யா செபம் சொன்னது?"

உபதேசியார் தரையைப் பார்த்தாராம்.

பாப்பா ஊருக்கு வந்த அன்று பஸ் நின்ற இடத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு தடவைகூடக் குந்தாமல் நடந்தாள். ஜனம் வாசலில் நின்று பார்த்தது.  எதிர்வீட்டுக்காரி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள்.

"நான்தான் அத்த. வலிக்குது."

"உனக்காக நான் எவ்ளோ அழுதேன் தெரியுமாடி? தொண்ட இன்னும் சரியாவல."

"அடுத்த தடவைக்கிக் கொஞ்சம் மிச்சம் வெச்சிக்க அத்த."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் அவள் வாயில் அடித்தாள்.

மறுநாளே பாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். மேடு புதுசாக இருந்தது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல எடமாத்தான் பாத்திருக்காங்க. வேப்பமர நெழலு" என்றாள். அன்றிலிருந்து அதற்கு 'என் வூடு' என்று பேர். கல்லறைத் திருநாள் வந்தால் எல்லோரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் பூப்போட்டு மெழுகுத்திரி ஏற்றுவார்கள். பாப்பா தன் கல்லறையில் ஒன்று ஏற்றுவாள். "பாவம், வாழமரத்துக்கு யாரு இருக்கா?" என்பாள். சாமியார் பார்த்துக்கொண்டே பார்க்காத மாதிரி போய்விடுவார்.

அவளுக்கு ஓடத் தெரியாது. பதினாலு வயசு வரைக்கும் ஓடாத பிள்ளைக்கு ஓட எப்படித் தெரியும்? காலைத் தூக்கிப் போடுவாள், கை இரண்டும் விறைத்து நிற்கும். அறுத்த ராகிக் காட்டில் நான் முன்னால் ஓடிக் காட்டினேன். "கைய வீசுடி, கைய வீசு!" விழுந்தாள், எழுந்தாள், சிரித்தாள். பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. தண்ணீருக்குப் போனால் ஓட்டம், கடைக்குப் போனால் ஓட்டம்.

சித்தி திட்டுவாள். "வயசுக்கு வந்த பொண்ணு இப்பிடியாடி தலதெறிக்க ஓடுவ? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க?"

"பதினாலு வருசத்து ஓட்டம் பாக்கி இருக்குது சித்தி. ஓடி முடிச்சிட்டு நடக்கறேன்."

வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் போய்க் காட்டினோம். நல்லா இருக்கிறாள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். நாங்கள் பயத்தையே மறந்துவிட்டோம். அம்மா பாயைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எனக்கு இதுதான் இப்போது பொறுக்கவில்லை. பயந்துகொண்டே இருந்த பதினாலு வருஷமும் ஒன்றும் ஆகவில்லை. பயத்தை விட்டோம், ஆகிவிட்டது.

இந்த வருஷம் கடலைக்காய் நன்றாகக் காய்த்தது. பிடுங்கிக் காய் ஆய்ந்து களத்தில் காயப் போட்டிருந்தோம். பகல் சோற்றுக்குப் பிறகு காட்டில் மிச்சச் செடி பிடுங்கிக்கொண்டிருக்கும்போது மேற்கே கருகருவென்று மேகம் வந்தது. "கல்லக்கா நனையுது, ஓடுங்க!" என்று அப்பா கத்தினார். எல்லோரும் ஓடினோம். பாப்பா முன்னால். வரப்பைத் தாண்டித் தாண்டி ஓடினாள். திரும்பி என்னைப் பார்த்து, "சீக்கிரம் வாடி, ஆம!" என்றாள். அக்காவை 'வாடி' என்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

களத்துக்குப் போய்க் காயை மூடுகிற படுதாவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தாள். அடுத்த முனைக்கு நான் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் குந்தியிருந்தாள்.

முட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்து, தலையைக் கவிழ்த்து. பழையபடியே.

 மெட்ராஸிலிருந்து வந்த பிறகு ஒரு தடவைகூட அவள் அப்படிக் குந்தினதில்லை. பின்னால் வந்த சித்தப்பா விளையாட்டாக, "என்னாடி, ஆண்டவரு வர்றாரா, குந்திட்ட?" என்றார். அவள் தலையைத் தூக்கவில்லை. படுதா அவள் கையிலிருந்து நழுவியது. அப்படியே கடலைக்காய் மேல் சாய்ந்தாள். நான் ஓடிப் போய் அவள் முட்டியை மடக்கி நெஞ்சோடு அழுத்தினேன். அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். மழை வந்துவிட்டது. உதடு ரோஸ் நிறமாகவே இருந்தது. அதனால் நான் நம்பவில்லை. நீலம் இல்லையே, நீலம் இல்லையே என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை.

அரூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சில பேருக்கு இப்பிடி ஆயிடும். துடிப்பு திடீர்னு தப்பிடும். முன்கூட்டித் தெரியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் என்ன தெரியும்?

சித்தப்பா கோயிலுக்கு ஓடினார். மணி அடித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் யாருக்கு என்று கேட்டார்கள். பாப்பாவுக்கு என்றார் சித்தப்பா.

"என்னாப்பா, மறுபடியுமா?" என்று ஒருத்தர் சிரித்தார். "வாழமரத்த வெட்டச் சொல்லட்டுமா?"

சித்தப்பா அந்த ஆளின் கால்மாட்டில் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் கடையில் கிளாஸைக் கீழே வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரி எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. போன தடவை அப்படி அழுதவள், இந்தத் தடவை சும்மாவே நின்றாள்.

சாமியார் வெளியூரிலிருந்து சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, எண்ணெ பூசுங்க சாமி. எண்ணெ இல்லாமப் போறா என் புள்ள."

"உசுரு இருக்கறவங்களுக்குத்தாம்மா அது."

"அன்னிக்கிப் பூச வேணாம்னு சொன்னேன், பூசுனாங்க. பொழச்சா. இன்னிக்கிப் பூசுங்கன்னு கெஞ்சறேன். முன்னாடி பூசுனது இதுக்கு ஆவாதா சாமி? பாவசங்கீர்த்தனம் இல்ல, நன்மை இல்ல. கல்லக்கா மேல விழுந்து போயிட்டாளே. அவ எங்க போயி நிப்பா?"

 சாமியாரும் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பாப்பாவின் நெற்றியில் கையை வைத்துச் செபம் சொன்னார்.  பிறகு அம்மாவிடம் சொன்னார். "ஆண்டவரு அவளுக்காக ஒரு தடவ தெருவுல நின்னவரும்மா. இப்பவும் நிப்பாரு. நம்மளால ஆவறது வேண்டிக்கறது ஒண்ணுதான். எத்தன பேரு வேண்டிக்கறாங்களோ அத்தன நல்லது."

அம்மா அந்த வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

குழி தோண்டுகிறவர் யாரையும் கேட்காமல் தோட்டத்தின் வேறு மூலையில் மண்வெட்டியை வைத்தார். அந்தப் பழைய மேட்டின் பக்கம் போகவே அவருக்கு மனசு வரவில்லை. அம்மாதான் போய்த் தடுத்தாள். "அவ எடம் அங்க இருக்குது. அவ வூட்ட வுட்டுட்டு எங்க வெக்கப் போறீங்க?" வேப்பமரத்தடியில் தோண்டினார்கள். வாழைமரம் இருந்த இடத்தில் கறுத்த நார் கொஞ்சம் வந்தது. மண் புதுசு மாதிரி பொலபொலவென்று இருந்தது. சீக்கிரம் தோண்டி முடித்துவிட்டார்கள்.

அம்மா இப்போது மறுபடி விடிந்ததும் பாயைத் தடவுகிறாள். பாயில் யாரும் இல்லை. அப்புறம் எங்களைப் பார்த்து, "இன்னிக்கி யாரு வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்கிறாள். அப்பா சொல்கிறார், நான் சொல்கிறேன். அவளுக்குப் போதவில்லை. கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போனால் காய் விற்கிறவளிடமும் சொல்கிறாள். அவள் இந்துதான். தன் சாமியிடம் சொல்வதாகச் சொன்னாள். அம்மா அதையும் வாங்கிக்கொண்டாள்.

அதனால்தான் எழுதத் தெரியாத நான் உட்கார்ந்து இதை எழுதினேன். கல்லறைத் திருநாள் வருகிறது. இந்த வருஷம் அந்த மேட்டில் திரி ஏற்ற அவள் இல்லை, நான் ஏற்ற வேண்டும். இதைப் படிக்கிற நீங்கள் எந்த ஊரானாலும் சரி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும் சரி, அவள் பேர் தெரிய வேண்டியதில்லை, பாப்பா என்றால் போதும். எண்ணெய் பூசிக்கொள்ள நேரமில்லாமல் ஓட்டத்தோடு போய்விட்டாள். எங்கேயோ மூச்சு வாங்கக் குந்தியிருப்பாள். அவள் எழுந்து ஆண்டவரிடம் போய்ச் சேருகிற வரைக்கும் எல்லோரும் கொஞ்சம் நின்று, அவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.